பாலத்தின் எண்பத்து நாலாம் பக்கம்

“இந்த வரியில எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல சார். அதுதான் என் கஷ்டம்.”

அவள் நீட்டிய தாளை வாங்கினேன். ஓரமெல்லாம் பென்சில் குறிகள். மேலே பக்க எண், எண்பத்து நாலு. நடுவில் ஒரு வரிக்கு அடியில் மட்டும் நகத்தால் கீறிய கோடு.

‘கிழக்குக் கரைக் காவலர் அன்று பணிக்கு வராமல் தலைமறைவானதே இவ்விபத்துக்குக் காரணம்.’

“யார் இந்தக் காவலர்?”

“எங்க அப்பா.”

முப்பத்தெட்டு வயதிருக்கும். விரல் நுனியில் மை. என் துப்பறியும் அலுவலகம் கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருக்கிறது. பதினேழு படி. ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தில் அவள் புரூஃப் ரீடர். பழைய ரயில் பாலத்தின் வரலாறு அங்கேதான் அச்சாகிறது. ஞாயிற்றுக்கிழமை புதுப் பாலத்தைத் திறக்கிறார்கள். அன்றோடு பழைய பாலத்தின் மேல் போக்குவரத்து முடிகிறது. அதே மேடையில் புத்தகமும் வெளியாகிறது.

“விபத்து எப்ப?”

“முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு. வெள்ளத்துல தூண் சாஞ்சு, இஞ்சினும் ஒரு பெட்டியும் ஆத்துல விழுந்தது. முப்பத்தொரு பேர். அன்னிக்கு டியூட்டிக்குப் போன அப்பா திரும்பி வரல. ஓடிப்போயிட்டாருன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க.”

ஜன்னலோரம் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்திருந்த வால் நிமிர்ந்தான். வால் என் உதவியாளன். ஒருவருக்குப் பின்னால் ஓசைப்படாமல் போவதில் கெட்டிக்காரன். ஒருவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பதில் இல்லை.

“நீங்கதானேக்கா பிழை திருத்தறவங்க. ரெண்டு வார்த்தையைத் தட்டி விட வேண்டியதுதானே?”

“எனக்குச் சம்பளமே அப்படித் தட்டி விடாம இருக்கறதுக்குத்தான்.”

வால் நாற்காலியை நேராக்கிக்கொண்டான். அவள் என்னிடம் திரும்பினாள்.

“எங்க வேலை ரெண்டு பேர் வேலை சார். ஒருத்தர் மூலத்தை உரக்கப் படிப்பாங்க. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணும். இன்னொருத்தர் புரூஃப்ல பார்த்துக்கிட்டே வரணும். நேத்து என்கூட வேலை செய்யறவங்க படிச்சாங்க. அது எங்க அப்பான்னு அவங்களுக்குத் தெரியாது. ‘இவ்விபத்துக்குக் காரணம், முற்றுப்புள்ளி’ன்னாங்க. சரியா இருந்தது. டிக் போட்டேன்.” விரல் நுனி மையைத் துடைத்தாள். “போட்டுட்டுப் போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

கீழே கடையில் ஏதோ ஒரு கடிகாரம் தப்பான மணி அடித்தது.

“பள்ளிக்கூடத்துல ஓடிப்போனவன் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க. அது காத்தோட போயிடுச்சு. இது புத்தகம். எனக்கு அப்புறமும் லைப்ரரியில நிக்கும். அவர் ஓடியிருந்தா ஓடினார்னே இருக்கட்டும் சார். ஆனா யாரும் தேடிப் பார்க்கல. தேடாமலே எழுதிட்டாங்க.”

“எவ்வளவு நேரம் இருக்கு?”

“அஞ்சு மணி. எண்பத்தொண்ணுலேர்ந்து தொண்ணூத்தாறு வரைக்கும் ஒரே ஃபாரம். பதினாறு பக்கமும் ஒண்ணா மெஷின்ல ஏறிடும். புத்தகம் எழுதின இஞ்சினியர் ஒத்துக்கிட்டா மாத்தலாம்னார் முதலாளி.”

அப்போது மணி பதினொன்றே முக்கால்.

இஞ்சினியருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றவர். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போன்ற குரல்.

“நான் கதை எழுதறவன் இல்லைங்க. விசாரணை அறிக்கையில இருக்கறதை எழுதினேன். அன்னிக்குப் பாலத்துக்குக் காவல் ரெண்டு பேர். கிழக்குக் கரையில ஒருத்தர், மேற்குக் கரையில ஒருத்தர். கிழக்கு ஆள் காணாமப் போயிட்டார். மேற்கு ஆள் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சி தன் வாயால மாத்திச் சொல்லட்டும், நான் என் கையால மாத்தறேன்.”

“அவர் இருக்காரா?”

“மேற்குக் கரையிலதான் இருக்கார். ஞாயித்துக்கிழமை புதுப் பாலத்துல முதல் வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டப் போறவரே அவர்தான்.”

போனை வைத்தார். வால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

“முப்பத்திரண்டு வருஷமா ஒரே பதிலைச் சொன்ன மனுஷன். அஞ்சு மணிக்குள்ள மாத்திச் சொல்லணும். எனக்கு எங்கம்மாகிட்ட ஒரு டம்ளர் காபியை மாத்தி வாங்கவே ரெண்டு நாள் ஆகும் பாஸ்.”

“கிளம்பு.”

அவள் மொத்தப் புரூஃபையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பையின் காதைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

*

மேற்குக் கரைக்குப் போக அந்தப் பாலத்தைத்தான் தாண்ட வேண்டும்.

பாசஞ்சர் வண்டி பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தது. பதின்மூன்று தூண்கள். கிழக்கிலிருந்து எண் போட்டிருந்தார்கள். கீழே ஆறு கலங்கலாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வால் எதிர் இருக்கையில் கால் நீட்டிப் புரூஃபைப் படித்துக்கொண்டு வந்தான்.

“இரும்பு நாலாயிரத்து முந்நூத்துப் பன்னிரண்டு டன். எண்பத்து நாலாம் பக்கத்துலயே அடியில போட்டிருக்கார். எந்த உலையில உருக்கினது, எந்தக் கப்பல்ல வந்தது, எல்லாம் நாலு வரி. இரும்புக்கு நாலு வரி, மனுஷனுக்கு ஒரு வரி. இவர் கல்யாணப் பத்திரிகையில பொண்ணோட எடையையும் போட்டிருப்பார்.”

“காவலைப் பத்தி எங்கே வருது?”

“நாப்பத்தொண்ணு.” புரட்டினான். “வெள்ளக் காலத்துல தினமும் மதியம் மூணரைக்கு ரெண்டு காவலரும் அவங்கவங்க கரையிலேர்ந்து நடக்கணும். நடுத்தூண், ஏழாம் நம்பர், அங்கே சந்திக்கணும். ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை. கிழக்குக்கு ஒண்ணு, மேற்குக்கு ரெண்டுன்னு நம்பர் வெட்டியிருக்கும். அதை மாத்திக்கிட்டுத் திரும்பணும். மோதிரம் மாத்தற மாதிரி. மறுநாள் முதல் வண்டியில அவங்கவங்க வில்லை அவங்கவங்களுக்கே வந்துடும்.”

“அப்ப சாயங்காலம் ஆனா, கிழக்கு ஆள் கையில ரெண்டு.”

“மேற்கு ஆள் கையில ஒண்ணு. கைமாறலைன்னா எவனோ ஒருத்தன் படுத்துத் தூங்கிட்டான்னு அர்த்தம். மேலதிகாரியே வேணாம், வில்லையே போட்டுக் கொடுத்துடும். அன்னிக்கு எங்கே போச்சாம்?”

“எண்பத்து நாலுல இருக்கான்னு பாரு.”

“‘இரு வில்லைகளும் வெள்ளத்தில் தொலைந்தன.’ அவ்வளவுதான். அப்புறம், வண்டி மேற்கேயிருந்து வந்திருக்கு. நாலு அம்பது. சாஞ்சது ஒன்பதாம் தூண். ‘ஓட்டுநரின் சமயோசிதத்தால் மற்ற ஏழு பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்று தப்பின.’ டிரைவர் எதைப் பார்த்து பிரேக் போட்டாராம்?”

“அவர் செத்துட்டார். யார் கேக்கறது?”

வண்டி ஏழாம் தூணைக் கடந்தது. தண்டவாளத்தை ஒட்டி, ஆற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு சின்ன இரும்பு மேடை. மூன்று பக்கம் கம்பி. வண்டி வரும்போது ஆள் ஒதுங்கி நிற்க.

“பால்கனி வசதியும் உண்டு,” என்றான் வால். “ஒதுங்குமேடையாம். தொண்ணூத்தோராம் பக்கம்.”

அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

“என்ன பாஸ்?”

“ஒண்ணுமில்ல.”

“நீங்க ஒண்ணுமில்லன்னா எவனுக்கோ தூக்கம் போச்சுன்னு அர்த்தம்.”

*

ரயில்வே மேட்டை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. வாசலில் நின்றால் பாலம் முழுசாகத் தெரிந்தது. கதவைத் திறந்தவள் நர்ஸ் உடுப்பில் இருந்தாள். டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“புத்தக விஷயமா வந்திருக்கோம்,” என்றேன். பொய் இல்லை.

“அப்பா, உங்களைத் தேடித்தான்.”

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். முதுகு வளையவில்லை. பக்கத்து நாற்காலியில் புதிதாகத் தேய்த்த பச்சைக் கொடி மடித்து வைத்திருந்தது.

“உக்காருங்க தம்பி. எல்லாத்தையும் இஞ்சினியர்கிட்ட சொல்லிட்டேனே.”

“இன்னொரு தடவை சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்.”

சொன்னார். பலமுறை சொல்லித் தேய்ந்த கதை. அங்கங்கே நின்றால் மகள் வார்த்தை எடுத்துக் கொடுத்தாள்.

“மூணரைக்குக் கிளம்பினேன். நல்ல மழை. நடுத்தூணுக்குப் போனேன். காத்து ஆளைத் தள்ளுது. அந்த...”

“ஒதுங்குமேடை,” என்றாள் மகள்.

“ஒதுங்குமேடையில ஏறிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு மணி நேரம். கிழக்கு ஆள் வரல. சரின்னு திரும்பினேன். கரைக்கு வந்து சேரவும் வண்டி பாலத்துல ஏறவும் சரியா இருந்தது. நான் கத்தினது யாருக்கும் கேக்கல.”

“வில்லை?”

“அந்தக் களேபரத்துல ஆத்துல விழுந்துடுச்சு.”

மகள் தேநீர் கொண்டு வந்து வைத்தாள்.

“விபத்து நடந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்கம்மா?” என்று கேட்டான் வால்.

“இந்த வீட்டுலதான். அன்னிக்குத்தான் பொறந்தேன்.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “அம்மா என்னைப் பெத்துட்டுப் போயிட்டாங்க. மழையில மருத்துவச்சி வரல. அப்பா பாலத்துல நின்னுட்டு இருந்தார். அம்மா தனியாத்தான்... அதனாலதான் நான் பிரசவ வார்டு வேணும்னு கேட்டு வாங்கினேன். எங்க வார்டுல யாரையும் தனியா விட மாட்டேன்.”

பெரியவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டின் மேல் ஒரு வண்டி போனது. டம்ளரில் தேநீர் நடுங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

பிறகு தொண்ணூற்றோராம் பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. நானே படித்தேன்.

“‘விபத்தை அடுத்து, விசாரணைக் குழுவின் யோசனைப்படி, பாலத்தில் முதன்முதலாக ஒதுங்குமேடைகள் அமைக்கப்பட்டன.’ விபத்தை அடுத்துன்னா, அப்புறம்தான் கட்டினாங்க. நீங்க ஏறி நின்ன மேடை அன்னிக்கு இல்ல பெரியவரே.”

“வயசாயிடுச்சு தம்பி. முன்ன பின்ன கலந்து போகும்.”

“கலந்து போகலாம். நான் ஒரு மணி நேரம் மழையில பிடிச்சுக்கிட்டு நின்ன கம்பின்னா, அது எந்தக் கம்பின்னு எனக்கு மறக்காது.”

“யார் சார் நீங்க?” என்றாள் மகள். குரல் மாறிவிட்டது.

நான் பதில் சொல்வதற்குள் வால் என் முழங்கையைத் தொட்டான். அவன் பார்வை சுவரில் இருந்தது. காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வட்டம். பளபளவென்று துடைத்திருந்தது. அதில் ஓர் எண் வெட்டியிருந்தது.

ஒன்று.

“அது அப்பாவோட வில்லை,” என்றாள் அவள். “பத்து வருஷம் முன்னாடி பரண்ல ஒரு டப்பாவுல கிடைச்சது. நான்தான் மாட்டினேன். வாரா வாரம் துடைப்பேன்.”

“ஆத்துல விழுந்த வில்லை,” என்றான் வால் மெதுவாக.

“உங்க அப்பாவோடது ரெண்டும்மா,” என்றேன். “ஒண்ணு கிழக்குக் கரையோடது.”

அவள் சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாரா வாரம் துடைத்தவள். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

வால் தலையைச் சொறிந்தான். “இடிக்குதே பாஸ். மேடைக் கணக்குப்படி இவர் பாலத்துக்கே போகல. வில்லைக் கணக்குப்படி ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்திருக்காங்க. ரெண்டும் எப்படிச் சரியாகும்?”

“சரியாகும். பார்த்துக்கிட்டது பாலத்துல இல்ல.”

“பின்ன?”

“கிழக்கு ஆள் நடுத்தூண்ல காத்திருந்தார். இவர் வரல. மீதிப் பாலத்தையும் தாண்டி நடந்தார். இங்கே வந்தார். இந்த வாசலுக்கு.”

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வெகு நேரமாக யாரோ கதவைத் தட்டுவது இப்போதுதான் காதில் விழுந்தது போன்ற பார்வை.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?”

“ஆச்சு.”

“வீட்ல நல்லா இருக்காங்களா?”

“இப்ப இல்ல.”

வால் தரையைப் பார்த்தான். பெரியவர் தலையை ஆட்டினார்.

“அப்ப உங்ககிட்ட சொல்லலாம்.”

*

“இவ அம்மாவுக்கு மதியத்துலேர்ந்தே வலி. ரத்தம் நிக்கல. மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினேன், வரல. மூணரை மணி. கொடியை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போனேன். அவ கூப்பிட்டா. திரும்பி உள்ளே வந்துட்டேன்.

“நாலு மணிக்கு மேல வாசல்ல ஒரு ஆள். தொப்பலா நனைஞ்சு. கிழக்கு ஆள்தான். எட்டிப் பார்த்தான். ‘நீ அண்ணியைப் பாருண்ணே, உன் பங்கையும் நான் நடந்துட்டுப் போறேன்’னான். தன் வில்லையை என் கையில வெச்சான். என்னோடதை ஆணியிலேர்ந்து எடுத்துக்கிட்டான். நாளைக்கு மேல இருந்து யாரும் கேள்வி கேக்கக் கூடாது பாருங்க. அதுக்குத்தான். போகும்போது, ‘பொண்ணு பொறந்தா என் பொண்ணுக்குக் கூட்டு’ன்னான்.”

அவர் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்ச நேரத்துல இவ பொறந்தா. அவ போயிட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பதான் வண்டி விசில். டிரைவர் விடாம அடிச்சான். வாசலுக்கு ஓடினேன். பாலத்துல சிவப்புக் கொடி தெரிஞ்சது. கிழக்கு ஆள் திரும்பிப் போற வழியில ஒன்பதாம் தூண் சாஞ்சதைப் பார்த்திருக்கான். அப்படியே கிழக்கால ஓடியிருந்தா தப்பிச்சிருப்பான். ஓடினான், அறிக்கையில எழுதினது நெசம்தான். வண்டியைப் பார்த்து ஓடினான். எதிர்த்தாப்புல.”

“டிரைவர் அதைப் பார்த்துத்தான் பிரேக் போட்டார்,” என்றான் வால். அவன் குரலில் கிண்டல் ஒரு துளி இல்லை.

“வண்டி நிக்காம வழுக்கிக்கிட்டே வந்தது. அவனுக்கு ஒதுங்க இடம் இல்ல. அப்ப ஏது மேடை? கொடி ஒரு தடவை மேல போச்சு. அப்புறம் காணல.”

டம்ளரைத் தள்ளி வைத்தார்.

“மூணாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேர்ல யார் வரலைன்னு கேட்டாங்க. மேற்கே இருந்து வந்த வண்டி. அதை நிறுத்த வேண்டிய கொடி என்னோடது. நான்தான் வரலைன்னா ஜெயில். கையில மூணு நாள் குழந்தை, பாலுக்கு அழுவுது. அவன் வரலைன்னேன். அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“வில்லையை எறிஞ்சிருக்கலாமே?” என்றேன்.

“அவன் கடைசியா கொடுத்தது தம்பி. ஒளிச்சு வெச்சேன். இவ கண்டுபிடிச்சு மாட்டினா. கழட்டுன்னு சொல்ல என்ன காரணம் சொல்றது? பத்து வருஷமா அதுக்கு நேராத்தான் படுத்து எந்திரிக்கறேன்.”

மகள் கட்டிலருகே வந்தாள். அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை.

“அம்மா தனியா இருந்தாங்கன்னு சொன்னீங்களேப்பா.”

“பாலத்துல நின்னேன்னு சொன்னவன், வீட்டுல இருந்தேன்னு எப்படிம்மா சொல்றது?”

“முப்பத்திரண்டு வருஷம்ப்பா.”

அவர் கை அவள் தலைக்குப் போனது. தொடாமல் பாதியில் நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் நகர்த்தினாள். கைக்கு அடியில்.

வால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

எங்களை அனுப்பியது கிழக்குக் காவலரின் மகள் என்று சொன்னேன். மணி மூன்று பத்து. என் போனில் இஞ்சினியரிடம் பெரியவர் பேசினார். நான்கு நிமிடம். மறுமுனையில் ஒரு கேள்விகூட இல்லை. பிறகு ஒரு தாள் கேட்டார். எழுதினார். எழுத்து நடுங்கியது, வாக்கியம் நடுங்கவில்லை. கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். பச்சைக் கொடியை நாற்காலியிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினார்.

“இதைத் திருப்பிக் கொடுத்துடும்மா.”

அவள் கொடியை வாங்கவில்லை. ஆணியிலிருந்து வில்லையைக் கழற்றினாள்.

“இதைத்தான் முதல்ல கொடுக்கணும். நானும் வரேன் சார்.”

*

அச்சகத்தில் மணி நான்கு இருபது.

நீளமான கூடம். ஒரு பக்கம் அச்சு இயந்திரம். கடைசியில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புரூஃப் மேஜை. எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒன்று காலி.

புரூஃப் ரீடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான். அவள் அழவில்லை. பெரியவர் எழுதிய தாளைப் படித்தாள்.

“அவர் ஏன் வரலைன்னு இதுல இல்லையே.”

“எழுதல. சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்னார்.”

அவள் பென்சிலை எடுத்து வரிகளுக்கு இடையில் எழுதினாள். எழுதியதை நான் எட்டிப் பார்க்கவில்லை.

“அரைகுறையாப் போடறதுதான் சார் பெரிய தப்பு. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் போட்டாங்க.”

தட்டச்சு செய்யக் கொடுத்தாள். புது வாசகம் நான்கு வரி கூடுதல். பக்கத்தில் இடம் இல்லை. ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போனால் பதினாறு பக்கமும் தள்ளும். அவளே இஞ்சினியருக்குப் போன் போட்டாள். பெயரையோ உறவையோ சொல்லவில்லை. அச்சகத்திலிருந்து பேசுகிறேன் என்றாள். எடுக்க வேண்டிய நான்கு வரி எது என்று கேட்டாள்.

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“அடியில இரும்பு எடை இருக்கும்மா. டன் கணக்கு. அதை எடுத்துடுங்க.”

வால் என் காதருகே குனிந்தான். “மனுஷன் கிட்னியைக் கழட்டிக் கொடுத்த மாதிரி பாஸ்.”

நர்ஸ் அதுவரை தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். இப்போது உள்ளே வந்தாள். கைக்குட்டையைப் பிரித்து வில்லையை மேஜைமேல் வைத்தாள். புரூஃப் ரீடர் அதைத் தொட்டாள். எண்ணின் மேல் விரலை ஓட்டினாள். ஓரம், பின்பக்கம், தொங்கவிடும் துளை. எங்கேயும் பச்சைக் களிம்பு இல்லை, அழுக்கு இல்லை.

“நல்லா துடைச்சிருக்கீங்க,” என்றாள்.

நர்ஸ் கைக்குட்டையை நான்காக மடித்தாள்.

திருத்திய பக்கம் ஈரமாக வந்தது. மணி நாலு ஐம்பது. முதலாளி தடுப்பைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

“கூடப் படிக்கறவங்க போயிட்டாங்களே,” என்றாள் புரூஃப் ரீடர். என்னைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். பிறகு காலி நாற்காலியைக் கையால் காட்டினாள். நர்ஸுக்கு.

“உரக்கப் படிங்க. புள்ளி, காற்புள்ளி எல்லாம் சொல்லணும். நிதானமா.”

நர்ஸ் உட்கார்ந்தாள். அப்பாவின் தாளைக் கையில் எடுத்தாள்.

“‘அன்று பணிக்கு வராதவர் மேற்குக் கரைக் காவலர், முற்றுப்புள்ளி.’” இரண்டாவது வாக்கியத்தில் குரல் நின்றது. பென்சிலால் எழுதியது. “இது... அப்பா எழுதலையே.”

“நான் எழுதினேன். படிங்க.”

“‘அவர் மனைவி பிரசவத்தில் இறந்துகொண்டிருந்தார், காற்புள்ளி, அவர் உடனிருந்தார், முற்றுப்புள்ளி.’”

எதிரே பென்சில் முனை சொல் சொல்லாக நகர்ந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“‘அவர் பங்கையும் சேர்த்து நடந்த கிழக்குக் கரைக் காவலர், காற்புள்ளி, தூண் சாய்ந்ததைக் கண்டதும் வண்டியை நோக்கி ஓடிச் சிவப்புக் கொடி காட்டினார், முற்றுப்புள்ளி. அதனால் ஏழு பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றன.’”

நிறுத்தினாள். பென்சில் முனை கடைசிச் சொல்லில் காத்துக்கொண்டிருந்தது. புரூஃப் ரீடர் தலையைத் தூக்கவில்லை.

“அப்புறம்?”

“முற்றுப்புள்ளி.”

அவள் டிக் போட்டாள்.